அசுர வளர்ச்சி அன்று, மிகைவளர்ச்சி

உடலோ அதன் ஒரு பகுதியோ இயல்பான அளவைக் கடந்து வளரும் அரிய பரம்பரையலகுக் ('ஜீன்') கோளாறுகளை ஆங்கிலத்தில் 'ஓவர்குரோத்' என்று தொகுத்துச் சொல்வர். வன்னிக்கு வந்துசேரும் மொழிபெயர்ப்புத் துண்டுப்பிரசுரங்களில் இச்சொல் 'அசுர வளர்ச்சி' என்றே திரும்பத் திரும்ப அச்சாகிறது. மூலச்சொல்லின் பொருள் அளவு மீறுதல் மட்டுமே. அதற்கு 'மிகு' என்னும் வினையடியிலிருந்து வந்த 'மிகை' நம்மிடம் உண்டு. 'உற்றார்க்கு உடம்பும் மிகை' என்று குறள் (345) உடம்பைப் பற்றியே அதனை ஆள்கிறது.

'அசுர வளர்ச்சி' என்பது பத்திரிகைகளில் வணிகத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் சூட்டப்படும் பாராட்டு. நம் கோயில்களிலோ கந்தசஷ்டி தோறும் சூரன்போரில் வெட்டுண்டு விழுபவனே அசுரன். கிளினிக் கொப்பியுடன் காத்திருக்கும் தாயின் மடியிலுள்ள குழந்தைக்கு இவ்விரண்டும் பொருந்தா. அதனினும் பெரிய கேடு, அச்சொல் நோயறிதலையே திசைதிருப்புவதாகும். அசுரன் என்றதும் முழு உடலும் பெருத்த உருவம் மனத்தில் எழ, கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோன் மிகுவதால் வரும் வேறொரு நோயுடன் இது குழம்பிவிடுகிறது. 1964இல் விவரிக்கப்பட்ட சோட்டோஸ் கோளாற்றில் உடல் முழுவதும் விரைந்து வளரும் என்பது உண்மையே. ஆனால் பெக்வித்-வீடமன் கோளாற்றில் நாக்கோ உடலின் ஒரு பக்கமோ பெருக்கலாம். 1983இல் ஜேர்மன் குழந்தை மருத்துவர் வீடமன் பெயரிட்ட புரோட்டியஸ் கோளாற்றில் பிறக்கும்போது பெரும்பாலும் இயல்பாகத் தோன்றும் குழந்தைக்குப் பின்னர் ஒரு விரலோ ஒரு காலோ மட்டும் ஒழுங்கின்றிப் பெருக்கத் தொடங்கும். இதற்குக் காரணமான ஏகேடி1 பரம்பரையலகின் மாற்றம், 2011இல் கண்டறியப்பட்டபடி, சில கலங்களில் மட்டுமே இருப்பதால் குருதிச் சோதனையில் பெரும்பாலும் தென்படாது; பெருத்த இடத்திலிருந்தே இழையம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆகவே எங்கே பெருத்தது என்பதே மருத்துவரின் முதற்கேள்வி. 'ஒருபக்க மிகைவளர்ச்சி', 'விரல் மிகைவளர்ச்சி' என்று 'மிகை' அந்த இடத்தைத் தன்னோடு சேர்த்துச் சொல்ல இடந்தருகிறது. 'ஒருபக்க அசுர வளர்ச்சி' என்று எழுத எவருக்கும் கை கூசும்.

'அதிவளர்ச்சி' என்போரும் உளர். பிழையில்லை, ஆயினும் தமிழ்ச்சொல் இருக்க வடமொழி முன்னொட்டு எதற்கு?

கலம், இழையம், நிறமூர்த்தம் எனப் பாடசாலையில் கற்ற சொற்களைக் கைவிட்டுச் செய்தித் தலைப்புகளில் சொல் தேடும் மொழிபெயர்ப்பாளர்கள், பாடநூற் சொல்லையும் இடமறியாமல் வைக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'மியூட்டேசன்' என்பதற்குப் 'பரம்பரையலகு விகாரம்' வகுப்பறையில் சரியானது. பேச்சுவழக்கில் விகாரம் அவலட்சணத்தைக் குறிப்பதால், பெற்றோருக்கான தாளில் அது 'பரம்பரையலகு மாற்றம்' என்றே இருக்கவேண்டும்.