கதிர்வீச்சு அளவுப் பதிவை எழுதிக் கேட்டு வாங்குங்கள்

அணு உலை எரிபொருளை இன்னும் நீண்ட நாள் எரிக்க முடியுமா என்று அறிவதற்காக, உலையில் எரிந்த எரிபொருள் கற்றைகளை மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், தடித்த கான்கிரீட் அறைகளுக்குள் வைத்து இயந்திரக் கைகளால் அறுத்துச் சோதிக்கிறார்கள். அந்த ஆய்வைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அதற்கு அருகிலுள்ள சீத்தா கேம்ப், மான்குர்டு பகுதிகளிலிருந்து கதிர்வீச்சுள்ள எந்த இடத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகும் நம்மவர்களின் உரிமையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலை செய்யும் ஒருவர் உடலில் ஏறும் கதிர்வீச்சு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் தாண்டக் கூடாது. உடலில் ஏறும் அளவைப் பதிவு செய்ய நெஞ்சில் அணியும் டிஎல்டி பேட்ஜ்தான் இதற்குச் சாட்சி. “அளவு ஏறிவிடும், கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ” என்று எந்த மேற்பார்வையாளர் சொன்னாலும் கேட்காதீர்கள். பேட்ஜில் பதியாத கதிர்வீச்சைப் பிறகு எந்த அலுவலகத்திலும் நிரூபிப்பது மிகக் கடினம்.

2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, அளவுப் பதிவையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் ஆண்டுதோறும், நீங்கள் கேட்கும்போதும், வேலையை விட்டு நிற்கும்போதும் முதலாளி தந்தாக வேண்டும். நடப்பது வேறு. ஒப்பந்தக்காரர் வேலை வாங்கும் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார், நிறுவனம் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுகிறது. இதற்கிடையில் ஒப்பந்தம் முடிந்து ஆளே மாறிவிடுகிறார். ஆகவே வேலையில் இருக்கும்போதே இருவருக்கும் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அளவுப் பதிவில் பெயரிலும் சிக்கல் வரும். ஊரில் முதலெழுத்தோடு எழுதிய பெயர், இங்கே அப்பா பெயரையும் சேர்த்து மூன்று விதமாகப் பதிவாகிறது. புதிய ஒப்பந்தக்காரரிடம் சேரும்போது அளவுப் பதிவிலுள்ள பழைய பணியாளர் எண்ணைக் காட்டி, அதையே தொடரச் சொல்லுங்கள்.

நோய் வந்து இழப்பீடு கேட்கும் பலரை வீழ்த்துவது ஆறு மாத நிபந்தனை. கதிர்வீச்சால் வரும் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தாலும், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவருக்குத்தான் அது தானாகவே வேலையால் வந்ததாகக் கொள்ளப்படும். வேறு முதலாளியிடம் அதே வேலை செய்த காலம் கணக்கில் சேராது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த அநியாயம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. ஐந்தாம் மாதத்தில் கணக்கை முடித்து வேறு முதலாளியின் பெயரில் சேர்க்கிறார்களா என்று வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக்கை மாதந்தோறும் பாருங்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் இழப்பீட்டை அங்கேதான் கேட்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் இழப்பீட்டு ஆணையரிடம், நோயால் வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் காணாமல் போயிருந்தாலும் வேலை வாங்கிய நிறுவனத்தின் மீது கோரலாம் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.