பேசியதற்காக வேலை போனால்: தென்னாப்பிரிக்கச் சட்டம் தரும் 30 நாட்கள்

கடிதத்தில் இரண்டே வரிகள். பதிவு ஒன்றால் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிட்டது என்பது முதல் வரி. இன்றோடு வேலை முடிந்தது என்பது இரண்டாவது வரி. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் சமையலறை மேசைமேல் அந்தத் தாளை விரித்து வைத்துவிட்டு, தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் எனக்குத் தங்கை முறையாகும் பெண். சிறிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர். முகநூலில் அவள் எழுதிய நான்கு வரியை யாரோ படமெடுத்துப் பரப்பினார்கள். அவளை நீக்கும்வரை விளம்பரம் தராதீர்கள் என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். நான்காம் நாள் கடிதம் வந்துவிட்டது.

“சனங்கள் கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது அக்கா?”

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். 19 நாட்கள் போயிருந்தன. புகார் கொடுக்கச் சட்டம் தரும் 30 நாட்களில் இன்னும் 11 நாட்கள் இருந்தன.

வேலை போனவர்களில் எத்தனையோ பேர் அவமானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த நாட்களைக் கரைத்துவிடுகிறார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுகள் சட்டம், 66ஆம் எண் சட்டம், ஒருவரை வேலையிலிருந்து நீக்க மூன்று வகைக் காரணங்களை மட்டுமே ஏற்கிறது: அவருடைய நடத்தை, வேலை செய்யும் திறன், நிறுவனத்தின் தொழில் தேவை. காரணம் நியாயமாக இருந்தால் மட்டும் போதாது, நீக்கிய முறையும் நியாயமாக இருக்க வேண்டும். குற்றச்சாட்டு என்ன என்று சொல்ல வேண்டும், பதில் தயாரிக்க அவகாசம் தர வேண்டும், தொழிற்சங்கப் பிரதிநிதியோ சக ஊழியரோ துணைக்கு வர அனுமதிக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு எடுக்க வேண்டும். நீக்கியது நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஊர் கொதிக்கிறது என்பது அந்த மூன்று காரணங்களில் எதுவுமில்லை.

வெளியார் கேட்டதற்காக ஒருவரை நீக்கலாமா என்ற கேள்வி இந்த நாட்டு நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல, சமூக ஊடகங்கள் வருவதற்கு முன்பே வந்த கேள்விதான். 1996இல் ஈஸ்ட் ராண்ட் சுரங்க நிறுவன வழக்கில், மற்றத் தொழிலாளர்களின் பகைக்கு ஆளான ஜூலு இனத் தொழிலாளர்களை நிறுவனம் வெளியேற்றியிருந்தது. தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அநியாயம் என்றது. 1998இல் லெபோவா பிளாட்டினம் சுரங்க வழக்கில் தீர்ப்பு வேறாக வந்தது. சக ஊழியரைக் குரங்கு என்று பொருள்படும் சொல்லால் ஏசியவரை நீக்கச் சொல்லித் தொழிற்சங்கம் நெருக்கியது. நிறுவனம் அவருக்கு வேறிடத்தில் வேலை தர முன்வந்தது, அவர் மறுத்தார், பிறகே நீக்கியது. அந்த நீக்கம் நியாயமானது என்றது நீதிமன்றம். இவ்வழக்குகளிலிருந்து வந்த அளவுகோல் இதுதான்: கோரிக்கை வந்தது என்பதே காரணமாகாது. அந்தக் கோரிக்கைக்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும், மிரட்டல் மெய்யாகவே பெரிதாக இருக்க வேண்டும், முதலாளி அவர்களைச் சமாதானப்படுத்த முயன்றிருக்க வேண்டும், நீக்குவதைத் தவிர வேறு வழி உண்டா என்று தேடியிருக்க வேண்டும். நான்காம் நாளே கடிதம் கொடுத்த நிறுவனம் இதில் எதைச் செய்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதற்காக, என்ன பேசினாலும் சட்டம் காக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கருத்துரிமை தருகிறது. போருக்கான பிரசாரம், உடனடி வன்முறைத் தூண்டல், இனம், பால், மதம் காரணமாகத் தீங்கு விளைவிக்கத் தூண்டும் வெறுப்புப் பேச்சு ஆகியவற்றை அதே பிரிவு விலக்கியும் வைக்கிறது. இனத்தைப் பழிக்கும் சொல்லுக்காக வேலை போனால் இந்த நாட்டில் யாரும் இரங்க மாட்டார்கள், இரங்கவும் கூடாது. கரும்புத் தோட்டத்தில் ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கும் முறை முக்கியம். வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் கறுப்பினத்தவரை இழிக்கும் மிகக் கொடிய சொல்லை மேலாளரிடம் பயன்படுத்திய வழக்கில், அவரை மீண்டும் வேலையில் அமர்த்த முடியாது என்று 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. முறை தவறி நீக்கியதற்காக ஆறு மாதச் சம்பளத்தை இழப்பீடாகத் தரவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது.

தொலைக்காட்சி, வானொலியில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தாங்கள் ஊழியரா ஒப்பந்தக்காரரா என்பதை. இரண்டுக்கும் போகும் கதவு வேறு. 2016 மே மாதம், போராட்டங்களில் பொதுச் சொத்து எரிவதைக் காட்டக்கூடாது என்று தேசிய ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. முடிவெடுத்தது. அதை எதிர்த்துப் பேசிய செய்தியாளர்கள் எட்டுப் பேர் ஜூலைக்குள் வேலை இழந்தார்கள். கிருவாணி பிள்ளை அவர்களில் ஒருவர். ஜூலை 26 அன்று தொழிலாளர் நீதிமன்றம் அவரையும் இன்னும் மூவரையும் திரும்ப எடுக்க உத்தரவிட்டது, வேறு மூவரும் அடுத்தடுத்துத் திரும்பினார்கள். எட்டாமவரான வுயோ ம்வோகோ ஒப்பந்தத்தில் வேலை செய்தவர். அவர் தனியாக வழக்காட வேண்டியிருந்தது. 2017இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த்தான் வென்றார்.

வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேரத் கிளிஃப் விவகாரமும் ஒப்பந்தக் கதைதான். 2016 ஜனவரியில், இனவெறிப் பதிவு ஒன்றால் நாடே கொந்தளித்தபோது, கருத்துச் சுதந்திரம் யாருக்கும் புரியவில்லை என்ற பொருளில் அவர் ஒரு வரி எழுதினார். எம்நெட் தொலைக்காட்சி அவரை ‘ஐடல்ஸ்’ பாட்டுப் போட்டியின் நடுவர் இருக்கையிலிருந்து நீக்கியது. அவர் போனது ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றத்துக்கு. அந்தப் பருவத்துக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. அவரைத் திரும்ப அமர்த்தும்படி நீதிமன்றம் அந்த மாதமே உத்தரவிட்டது. அவர் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கிடைத்த தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

உயர் நீதிமன்றத்துக்குப் பணம் வேண்டும். எல்லாரிடமும் அது இல்லை. அதனால் ‘ஒப்பந்தக்காரர்’ என்று தாளில் போட்டிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சட்டம் குறிக்கும் வருமான வரம்புக்குள் இருப்பவர், வேலை நேரத்தையும் முறையையும் நிறுவனமே தீர்மானித்தாலோ, கடைசி மூன்று மாதங்களில் மாதம் சராசரியாக 40 மணி நேரமாவது அங்கு உழைத்திருந்தாலோ, அந்த ஒரே இடத்தையே நம்பிப் பிழைத்தாலோ, மறுத்து நிரூபிக்கப்படும்வரை ஊழியராகவே கருதப்படுவார்.

ஊழியருக்கான இடம் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச, நடுவர் ஆணையம். கட்டணம் கிடையாது. எல்.ஆர்.ஏ. 7.11 என்ற படிவத்தை நிரப்பி, வேலை போன நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்திருந்தால் அதன் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து எண்ணலாம். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: படிவத்தின் நகலை முதலில் முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான சான்றை இணைக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிய தாள் அல்லது பதிவுத் தபால் சீட்டு போதும். நாள் கடந்துவிட்டால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு விண்ணப்பம் கொடுக்கலாம். ஏற்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

முதலில் சமரசப் பேச்சு. அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. அது பலிக்காவிட்டால், சமரசம் ஆகவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். அடுத்த 90 நாட்களுக்குள் நடுவர் விசாரணை கேட்கலாம். வென்றால் முதல் தீர்வு மீண்டும் வேலை. இல்லையென்றால் 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு. நிறுவனத்துக்குள் நடந்த முறைகேட்டை வெளிப்படுத்தியதற்காக நீக்கினார்கள் என்றால் 24 மாதம் வரை போகும். 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டம் அங்கே துணை வரும், 2017 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தக்காரர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆனால் நேராக ஊடகத்திடம் போனால் அந்தப் பாதுகாப்புக்குக் கடும் நிபந்தனைகள் உண்டு. முதலில் முதலாளியிடமோ வழக்கறிஞரிடமோ, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலரிடமோ சொல்வது நல்லது.

‘நீயே எழுதிக் கொடுத்துவிடு, கௌரவமாகப் போகலாம்’ என்று சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். தானாக விலகியவருக்கு வேலையில்லாக் காப்பீட்டு நிதி கிடைக்காது, நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கும். தாங்க முடியாத நிலைக்குத் தள்ளி விலகவைத்தார்கள் என்று பிறகு வழக்காடலாம், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும்.

இந்தியாவிலிருந்து வந்து வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அனுமதி காலாவதியான வெளிநாட்டவருக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2008இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று படிவத்திலேயே கேட்டிருக்கும். தமிழ் அதிகாரப்பூர்வ மொழி இல்லை, ஆனால் மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாக அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு அதைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

அன்று இரவே அவளும் நானும் படிவத்தை நிரப்பினோம். என்ன தீர்வு வேண்டும் என்ற கட்டத்தில் ‘நியாயம்’ என்று எழுதினாள். அதை அடிக்கச் சொன்னேன். சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு, ‘என்னை மீண்டும் அதே வேலையில் அமர்த்த வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போனது. அதன் நகலோடு 21ஆம் நாள் படிவம் சி.சி.எம்.ஏ.யின் டர்பன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.