கோவெண்டர் எல்லோரும் ஒரே குடும்பமா? இணையத்தில் வேர் தேடுவோர் கவனத்துக்கு

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் இன்றைய தென்னாப்பிரிக்காவில், அன்றைய நேட்டால் காலனியின் டர்பனில் நங்கூரம் போட்டது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று கோவெண்டர் என்பதுபோல ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களை வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் திரட்டி, கிடைத்த ஆவணங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஊர்ப் பெயரை அடையாளம் காணத் தமிழ்நாட்டில் இருப்பவர்களிடம் உதவி கேட்கிறார்கள். கேட்டால் அவசியம் உதவுங்கள். ஆனால் குழுவின் ஏற்பாடு சரியாக இல்லையென்றால், வேறொரு வீட்டுப் பாட்டனார் பத்துக் குடும்பங்களின் கொடிவழியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். பிறகு அவரை இறக்குவது பெரும்பாடு.

இங்கிலாந்தில் ஒரே குடும்பப் பெயரை ஆராய்பவர்களுக்கு 1979 முதல் தனிச் சங்கமே இருக்கிறது. ஒரு பெயரைத் தாங்கிய எல்லோரையும், எந்த ஊராக இருந்தாலும், ஒரே பதிவேட்டில் சேர்ப்பது அவர்கள் முறை. அங்கே பெயர் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. அரிதான பெயராக இருந்தால் இந்த முறை நன்றாகவே பலன் தருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நம் குழுக்கள் செய்யும் முதல் தவறு. தென்னாப்பிரிக்காவில் வழங்கும் கோவெண்டர் என்பது நம் கவுண்டர், மூட்லி என்பது முதலியார். இரண்டுமே பட்டப்பெயர்கள். கவுண்டர் பட்டத்தை வட ஆற்காட்டிலும் கொங்குநாட்டிலும் வெவ்வேறு சமூகத்தார் வைத்துக்கொள்கிறார்கள். முன்சாமி, பெருமாள், கோவிந்தசாமி போன்ற குடும்பப் பெயர்களோ, ஏதோ ஒரு தலைமுறையில் அப்பா பெயராக இருந்து அலுவலகப் பதிவில் உறைந்துபோனவை. அண்ணன் பிள்ளைகள் முன்சாமி, தம்பி பிள்ளைகள் பெருமாள் என்று ஒரே வீடு இரண்டு குடும்பப் பெயர்களாகப் பிரிந்ததும் உண்டு. தந்தைவழி மரபணுச் சோதனையைக் குடும்பப் பெயரோடு பொருத்திப் பார்க்கும் திட்டங்கள் நம்மிடம் பெரிதாகப் பயன் தராததற்கும் இதுவே காரணம்.

அதனால் குழுவின் பெயர் எதுவாக இருந்தாலும், பதிவேட்டின் அச்சாணி காலனி எண்ணாக இருக்கட்டும். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் போன்ற விவரங்கள் ஒரே வரியில் இருக்கும். பழைய பிறப்பு, திருமணப் பதிவுகள் பலவற்றில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் எண் மாறாது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் பூத்த காகிதத்தில் முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பகிர்வதற்குக் கொடிவழிப் படத்தைவிட அட்டவணை நல்லது. படம் முடிவை மட்டும் காட்டும், அட்டவணை ஆதாரத்தைக் காட்டும். ஓர் ஆவணத்துக்கு ஒரு வரி என்று வையுங்கள். ஒருவரைப் பற்றி நான்கு ஆவணங்கள் கிடைத்தால் நான்கு வரிகள். பெயருக்கும் ஊருக்கும் இரண்டிரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) தேவை: ஒன்று ஆவணத்தில் எழுதியிருப்பது எழுத்து மாறாமல், மற்றொன்று நாம் புரிந்துகொண்டது. வாண்டிவாஷ் என்றிருந்தால் முதல் பத்தியில் வாண்டிவாஷ், அடுத்ததில் வந்தவாசி. ஆவணம் எங்கே இருக்கிறது, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், யார் பார்த்தார், எந்தத் தேதியில் பார்த்தார் என்பவற்றுக்கும் பத்திகள் வேண்டும். இவை இல்லாமல் வரும் தகவலை முதன்மை அட்டவணையில் ஏற்றாமல் தனித்தாளில் நிறுத்திவையுங்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். அதே பத்தியில் 04-03-1905 என்று எழுதினால் அதைத் தேதியாக மாற்றிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். வரிசைப்படுத்தும்போது 1896-இல் பிறந்த தாய் 1905-இல் பிறந்த மகளுக்குக் கீழே போய் நிற்பார். முன்கூட்டியே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று அமைத்து, 1896-03-04 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் தொல்லை இல்லை. அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஊர்க் குறிப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, கண்ணால் ஒருமுறை ஒப்பிட்ட பிறகே சேருங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களின் உதவி அதிகம் தேவைப்படும் இடம் ஊர்ப் பெயர். ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் உடனே வேலூர் என்று பதில் போட்டுவிடுகிறோம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் சில தாலுகாக்கள் அதற்குப் போயின. அவற்றில் பெரும்பகுதி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. மிச்சம் இருந்தது 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலை மாவட்டம் அப்போது வந்ததுதான். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. ஆகவே தாலுகாவை முதலில் உறுதிசெய்துகொண்டு அதற்குள் கிராமத்தைத் தேட வேண்டும். பூலூர் என்று எழுதியிருந்தால் போளூராக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கேட்டதைத் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதியவர் குமாஸ்தா. அதனால் எழுத்தை மட்டும் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று கிராமங்கள் இருந்தால் மூன்றையும் எழுதி, 'உறுதியாகவில்லை' என்று குறியுங்கள். கேட்பவர் விமான டிக்கெட் எடுத்து அந்த ஊருக்குப் போய் நிற்கக்கூடியவர். மனம் குளிரட்டும் என்று ஓர் ஊரைச் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு வரிகளில் இருப்பவர் ஒரே ஆள் என்று இணைக்க ஒரு விதி வேண்டும். காலனி எண் ஒத்திருந்தால் இணைக்கலாம். எண் இல்லையென்றால் தகப்பன் பெயர், கிராமம், கப்பல் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வயதை நம்ப வேண்டாம். கூலி முகவர் உத்தேசமாகச் சொன்னது அது, ஐந்து ஆண்டு முன்பின் இருந்தாலும் வியப்பில்லை. கண்டுபிடித்தவர் தவிர இன்னொருவரும் ஆவணத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இணைக்க வேண்டும், இணைத்த காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் பின்னால் தவறு தெரியும்போது பிரிக்க முடியும்.

சாதிப் பத்தி குறித்துப் பல குழுக்கள் உடைந்திருக்கின்றன. கப்பல் பட்டியலில் ஒன்றும், குடும்பம் பிறகு ஏற்றுக்கொண்ட பட்டப்பெயரில் வேறொன்றும் இருக்கும். பட்டியலில் இருப்பதை இருக்கிறபடி அந்தப் பத்தியில் மட்டும் எழுதுங்கள். அதை வைத்து இன்றைய குடும்பம் ஒன்றைப் பற்றிப் பொதுவெளியில் முடிவு சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. இதைக் குழுவின் முதல் விதியாக எழுதிப் போடுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் விவரம் பொது அட்டவணைக்கு வரவே கூடாது. இறந்த தேதி தெரியாமல், பிறந்து நூறு ஆண்டு முடியாதவர் எவரையும் உயிரோடு இருப்பவராகவே கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது என்பது ஒரு பக்கம். பிறந்த தேதி, தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர், முகவரி மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் வங்கி மோசடிக்காரனுக்கு அது போதும் என்பது இன்னொரு பக்கம். பேரன் மகிழ்ச்சியோடு பகிரும் திருமணச் சான்றில் பாட்டியின் அடையாள எண்ணும் இருக்கும். மறைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்புகிறது, எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்தால் காகிதத்துக்கு 300 டிபிஐ, சின்னப் புகைப்படத்துக்கு 600. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரை எண், ஆண்டு, ஆவண வகை என்ற வரிசையில் வைத்தால் தேடுவது எளிது.

நிர்வாகி ஒருவரே என்றால் ஆபத்து. அவர் காலமானாலோ, இணையதளச் சந்தா கட்ட மறந்தாலோ இருபது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போய்விடும். கடவுச்சொல் வெவ்வேறு வீடுகளில் இருக்கும் மூன்று பேரிடமாவது இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை அட்டவணையை சிஎஸ்வியாகவும், கொடிவழியை ஜெட்காம் (கொடிவழி மென்பொருள்கள் தகவல் பரிமாறும் பொது வடிவம்) கோப்பாகவும் இறக்குங்கள். பழைய ஜெட்காம் 5.5.1 வடிவம் படங்களைத் தன்னோடு எடுத்துவராது, இருக்கும் இடத்தை மட்டுமே குறிக்கும். படக் கோப்புறையைத் தனியாக நகலெடுக்க வேண்டும். நகல்களில் ஒன்றாவது வேறு நாட்டில் இருக்கும் உறுப்பினரிடம் இருக்கட்டும். இறக்கிய கோப்பைத் திறந்து பார்த்து, வரிகளின் எண்ணிக்கை சரியா என்று எண்ணிய பிறகே அதை நகல் என்று கணக்கில் வையுங்கள்.