ரேட்டிங் என்றால் தரவரிசை அல்ல

1976இல் வெளிவந்த ‘நெட்வொர்க்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது, “தரவரிசை சரிந்ததால் கொல்லப்படும் செய்தி நெறியாளரின் கதை” என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் ‘தர மதிப்பீடு’ என்கிறார்கள். ‘ரேட்டிங்’ என்ற சொல்லுக்கு இரண்டுமே தப்பு. சாதாரணத் தப்பும் இல்லை. படம் சொல்ல வந்ததையே தலைகீழாக்கிவிடும் தப்பு.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ப்ரோ ரட்டா’ என்றால் கணக்கிட்டு வகுத்த பங்கின்படி. அதிலிருந்து ‘ரேட்’, அதிலிருந்து ‘ரேட்டிங்’. மதிப்பிடுதல் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது.

தொலைக்காட்சித் தொழிலில் இந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. டிவி இருக்கும் மொத்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடுகள் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தன என்பதே ரேட்டிங். அந்த நேரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் மட்டும் நூற்றுக்கு எத்தனை என்பது ‘ஷேர்’. படம் தொடங்கும்போதே பின்னணிக் குரல் இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறது. ஒரு காலத்தில் அந்தச் செய்தி நெறியாளர் ஹோவர்ட் பீலுக்கு ரேட்டிங் 16, ஷேர் 28. 1969இல் சரிவு தொடங்குகிறது. அடுத்த ஆண்டு மனைவி இறக்கிறாள்; பிள்ளையில்லாத அவருக்கு மிஞ்சுவது ரேட்டிங் 8, ஷேர் 12. சாவையும் எண்ணையும் ஒரே மூச்சில், ஒரே தொனியில் சொல்கிறது அந்தக் குரல். திரைக்கதை எழுதிய பேடி சயேஃப்ஸ்கி இந்தத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர், டிவி நாடகங்கள் எழுதி வளர்ந்தவர். 8ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் டிவி ஓடியிருக்கிறது என்று வரும். அன்றைய அமெரிக்காவில் டிவி இருந்த வீடுகள் ஏறக்குறைய 6 கோடி. ஆக 8 என்பது சுமார் 48 லட்சம் வீடுகள். இதில் தரம் எங்கே வந்தது? வரிசைதான் எங்கே வந்தது?

வரிசை என்பது ‘ரேங்கிங்’. முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம். கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் தரவரிசை என்கிறோமே, அது சரி. சதுரங்கத்தில் புள்ளி எண்ணும் உண்டு, இடமும் உண்டு. அங்கேயும் இரண்டையும் தரவரிசை என்றே எழுதிக் குழப்புகிறார்கள்.

அதைவிட மோசம் ‘தரம்’ என்ற முன்னொட்டு. ரேட்டிங்கைக் கணக்கெடுத்த நீல்சன் நிறுவனம், மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்திய கருவி, டிவி ஓடுகிறதா, எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்பதை மட்டுமே பதிவு செய்தது. பார்த்தவர் ரசித்தாரா, கரித்துக் கொட்டினாரா என்று அதற்குத் தெரியாது. படத்தின் கோபமே இங்கேதான் இருக்கிறது. பீல் நேரலையில் மனம் உடைந்து கத்துகிறார். ஜன்னலைத் திறந்து நீங்களும் கத்துங்கள் என்கிறார், ஊரே கத்துகிறது. நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவி டயானா அதைப் பெரிய வேட்டையாகக் கொண்டாடுகிறாள். அப்புறம் செய்தி நேரத்தில் குறி சொல்லும் பெண் வந்து உட்காருகிறாள். தரம் பாதாளத்துக்குப் போகப் போக ரேட்டிங் ஏறுகிறது. இந்த இடத்தில் ‘தர மதிப்பீடு உயர்ந்தது’ என்று எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? கடைசியில் பீல் கொல்லப்படுவதும் பேச்சு தரம் கெட்டதால் அல்ல, பார்க்கிறவர்கள் குறைந்துபோனதால்.

‘டிஆர்பி’ என்று எழுதலாமே என்பார்கள். நம் ஊர் சேனல்களைப் பற்றிப் பேசும்போது தாராளமாக எழுதலாம், எல்லோருக்கும் புரியும். படத்தின் கதை நடக்கும் 1975இன் நியூயார்க்கில் அந்தச் சுருக்கம் ஒட்டவில்லை. ஆனாலும் தரவரிசையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

என் தேர்வு ‘பார்வை வீதம்’. ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம் என்று நாம் அன்றாடம் சொல்கிற அதே வீதம்தான்; இலங்கையில் வட்டி வீதம் என்றே எழுதுகிறார்கள். லத்தீன் வேர் சொல்வதும் இதையேதான். ‘பார்வை விகிதம்’ என்றாலும் பிழையில்லை, கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஷேருக்குப் ‘பார்வைப் பங்கு’. பார்வை வீதம் 8, பார்வைப் பங்கு 12: எந்தக் குழப்பமும் இல்லை.

எனக்கு உண்மையான வருத்தம் மொழிபெயர்ப்பாளர்களின் பழக்கத்தைப் பற்றியது. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கடன் தகுதிக்கும் ரேட்டிங், படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்பதற்கும் ரேட்டிங், ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுவதற்கும் ரேட்டிங். ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமென்றால் தமிழுக்கும் ஒன்றே போதும் என்று யார் சொன்னது? படத்தின் பெயரையும் ‘வலைப்பின்னல்’ என்று ஆக்கியிருக்கிறார்கள். அங்கே நெட்வொர்க் என்பது ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற நிறுவனம். நாடெங்கும் உள்ளூர் நிலையங்களுக்கு நிகழ்ச்சி தருவது. படத்தில் வரும் யூபிஎஸ் அந்த வரிசையில் நான்காவதாகக் கற்பனை செய்யப்பட்டது. ‘ஒளிபரப்பு நிறுவனம்’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் நெட்வொர்க் என்றே விட்டுவிடுங்கள்.