உமித் தட்டுக்கு மெசின் வாங்க முதல் இதை வாசியுங்கள்

நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மில்லுக்கு மில் உமி குவிந்து கிடக்கிறது. ஹிங்குராணைச் சீனி ஆலையில் கரும்புச் சக்கை. வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒருகாலம் வைக்கோலில் கடதாசி செய்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருதடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு எல்லாம் தடை. ஆகவே இவற்றில் தட்டு செய்யப் பலர் இறங்குகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் காசைப் போட அவசரப்படாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கடனெடுத்து அழுத்தும் மெசின் வாங்கினார். வியாபாரப் பெயர்ப் பதிவு கையில் இருந்தது, அது போதும் என்று நம்பினார். ஒரு கந்தோரில் "இது எங்கட வேலை இல்லை, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். நாலு மாதம் மெசின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை.

பெயர்ப் பதிவு தொழில் நடத்த அனுமதி அல்ல. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, வர்த்தமானியில் பட்டியலிட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். பட்டியலில் ஏ, பீ, சீ என மூன்று பகுதி. சீ பகுதிக்குப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றம், மற்றவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை. பல தொழில்களுக்கு ஆட்கள் தொகையையும் உற்பத்தி அளவையும் பொறுத்துப் பகுதி மாறும். அலைச்சல் தொடங்குவதே இங்கேதான்.

ஆகவே வாயால் கேட்காதீர்கள். என்ன மூலப்பொருள், என்ன பசை, எத்தனை பேர், நாளுக்கு எத்தனை கிலோ என்று எழுதி, "எந்தப் பகுதி?" என்று கேட்டு பிரதேச சபைக்கோ அதிகாரசபைக்கோ இரண்டு பிரதி கொண்டு போங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த அக்காவிடம் அப்படி ஒரு துண்டும் இல்லை. எத்தனை தரம் போனார் என்று காட்டவே வழியில்லை. பதில் தமிழில் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை.

காணி அம்மாவின் பேரில், தொழில் மகளின் பேரில் என்றால் சம்மதக் கடிதத்தை முதலே எழுதி வையுங்கள். இதனால் நின்றுபோன விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், "பயோ" என்று அச்சடித்த பெட்டி சான்றிதழ் அல்ல. உமியைப் பொலிப்புரோப்பிலினுடன் கலந்தால் அதுவும் பிளாஸ்டிக்தான், மண்ணில் உக்காது. சோள மாவிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கும் உக்க 60 பாகை அளவு சூடு வேண்டும், வளவுக் குழியில் கிடந்தபடியே கிடக்கும். மூலப்பொருள் தருபவரிடம் அந்தப் பொருளுக்கே செய்த ஆய்வுகூட அறிக்கையைக் கேளுங்கள். தராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். மெசினுக்கு முற்பணம் கேட்டால், அனுமதிப்பத்திரம் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்.