பொதுத் தேர்தல் தேதி யார் கையில்? முன்கூட்டித் தேர்தல் வைப்பதன் கணக்கு

சிங்கப்பூரில் பொதுத் தேர்தலுக்குச் சட்டம் ஒரு கெடுவை மட்டுமே வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து 5 ஆண்டு முடிந்ததும் அது தானாகக் கலையும். கலைந்த 3 மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 65, 66ஆம் பிரிவுகள் சொல்வது இதுதான். சென்ற நாடாளுமன்றம் 2020 ஆகஸ்ட் 24ல் கூடியது. ஆகவே 2025 நவம்பர் வரை நேரம் இருந்தது. தேர்தல் நடந்ததோ மே 3ல்.

கெடுவுக்கு முன்னால் எந்த நாள் என்பது பிரதமரின் விருப்பம். அவர் ஆலோசனை சொல்ல, அதிபர் கலைக்கிறார். பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை பிரதமருக்கு இருக்கிறது என்று அதிபருக்குத் தோன்றினால் போதும். ஏன் இப்போது என்று விளக்கம் தரச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஓட்டப்பந்தயத்தில் ஓடுபவரே விசிலும் ஊதுவது போலத்தான்.

அந்த விசிலை எப்போது ஊதுவார்கள்? மக்கள் மனம் குளிர்ந்திருக்கும்போது ஊதுவது ஒரு வழி. 2015ல் நாட்டின் 50ஆம் ஆண்டு கொண்டாட்டம். அதே ஆண்டு மார்ச்சில் நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ காலமானார். 2017 ஜனவரி வரை அவகாசம் இருந்தும் செப்டம்பர் 11ல் தேர்தல் வந்தது. 2011ல் 60.1 விழுக்காடாக இருந்த ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 69.9க்கு ஏறியது. நெருக்கடி நேரத்தில் ஊதுவது இன்னொரு வழி: தெரிந்த கையை விட்டுவிட மக்கள் தயங்குவார்கள் என்பது அதன் கணக்கு. நியூயார்க் தாக்குதலுக்கும் பொருளியல் மந்தத்துக்கும் நடுவே 2001 நவம்பரில் அந்தக் கணக்கு ஆளுங்கட்சிக்கு 75.3 விழுக்காடு தந்தது. கொவிட் காலத்தில், 2020 ஜூலையில், அதே மருந்து வேலை செய்யவில்லை. 61.2 விழுக்காடுதான், செங்காங் குழுத்தொகுதியும் (பலர் ஓர் அணியாக நின்று வெல்லும் தொகுதி) கைநழுவியது.

புதிய பிரதமர் தனக்கென்று மக்கள் ஆணை கேட்பது மூன்றாவது வழி. இதில் 1991தான் படிக்க வேண்டிய பாடம். 1990 நவம்பரில் பதவியேற்ற கோ சோக் டோங், தவணையில் இரண்டு ஆண்டுக்கு மேல் மீதமிருக்க, 1991 ஆகஸ்ட் 31ல் தேர்தல் வைத்தார். எதிர்க்கட்சிகளோ 81 இடங்களில் 40ல் மட்டுமே போட்டியிட்டன. மீதி 41 போட்டியின்றி ஆளுங்கட்சிக்குப் போனதால், வேட்புமனுத் தாக்கல் நாளன்றே ஆட்சி யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. ஆட்சி கவிழ்ந்துவிடுமோ என்ற பயமின்றி எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடலாம் என்று பிரசாரம் செய்ய இது வழிவிட்டது. சியாம் சீ டோங்கின் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி 3 இடங்களும் பாட்டாளிக் கட்சி ஓர் இடமும் வென்றன. தேதியை ஒருவர் தேர்ந்தெடுத்தாலும் ஆட்டத்தை மற்றவர் மாற்றலாம். 2024 மே மாதம் பதவியேற்ற லாரன்ஸ் வோங், அமெரிக்க வரிவிதிப்புக் கலக்கத்துக்கு நடுவே 2025 தேர்தலில் 65.57 விழுக்காடு பெற்றார். அவருக்கு இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் ஒருசேர அமைந்தன.

தேர்தல் நெருங்குவதை மோப்பம் பிடிக்க ஒரே நம்பகமான தடயம், தொகுதி எல்லை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை. அது வந்தபின் எத்தனை நாள் என்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. 2001ல் அறிக்கை வந்த மறுநாளே நாடாளுமன்றம் கலைந்தது. 2020ல் மூன்று மாதத்துக்கு மேல். 2025ல் மார்ச் 11ல் அறிக்கை, ஏப்ரல் 15ல் கலைப்பு. தாராளமான வரவுசெலவுத் திட்டம், பற்றுச்சீட்டுகள் எல்லாம் துணைக் குறிப்புகள். அவற்றை மட்டும் வைத்துத் தேதி கணித்தவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

அவகாசம் குறைந்தால் அடி விழுவது சிறிய கட்சிகளுக்கு. தேர்தல் ஆணை (தேர்தலை நடத்தச் சொல்லும் அதிபரின் உத்தரவு) பிறந்து 5 நாளிலேயே வேட்புமனு நாளை வைக்கலாம். 2025ல் ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் கொண்ட குழுத்தொகுதிக்கு 67,500. எட்டில் ஒரு பங்கு வாக்குக்கூட வாங்காவிட்டால் அது திரும்பாது. அரசியல் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும். குழுத்தொகுதியில் நிற்கும் சிறுபான்மை இன வேட்பாளருக்கு, அவர் அந்த இனத்தவர்தான் என்று சமூகக் குழு தரும் சான்றிதழும் வேண்டும். முன்மொழிபவர், வழிமொழிபவர், ஒப்புதல் தருபவர்கள் நால்வர் எல்லாரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். எல்லைகள் புதிதாக மாறியிருந்தால் பழைய ஆதரவாளர் பக்கத்துத் தொகுதிக்குப் போயிருப்பார்! மனு வாங்குவது காலை 11 முதல் பகல் 12 வரை மட்டும். 2011ல் தஞ்சோங் பகாரில் ஓர் அணி 35 வினாடி பிந்தியதால் போட்டியே இல்லாமல் போனது.

வாக்காளர்களும் தேர்தல் ஆணைக்கு முன்பே இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற முறை வாக்களிக்கத் தவறியவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். மீண்டும் சேர்க்கத் தேர்தல் துறையிடம் விண்ணப்பிக்கலாம். தக்க காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்ட வேண்டும். ஆணை பிறந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும், அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டு வாக்காளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு ஆணைக்குப் பிறகும் இரண்டு நாள் அவகாசம் உண்டு. 2025ல் அது ஏப்ரல் 17ல் முடிந்தது.