குதிரில் எவ்வளவு நெல்? மின்சார காரின் பேட்டரி கணக்கும் ஒரு நெடும்பயணமும்

ஜூலை மாதம், வியாழக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மறுநாள் விடியற்காலை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் கிளம்ப வேண்டும். மகள் வயிற்றுப் பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள். முறுக்கு டப்பா, பிரியாணிச் சட்டி, குழந்தைக்குக் கம்பளி எல்லாம் கட்டி வைத்தாயிற்று. கைப்பேசியில் ஓர் அறிவிப்பு: காருக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறது, நிறுவ 50 நிமிடம் ஆகும்.

"தம்பி, இதை இப்பவே அமுக்கிடட்டா? ஊருக்குப் போகும்போது வண்டி நல்லா இருக்கணும்ல?"

"வேண்டாம் அக்கா. போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். வாசலில் நின்றபடி அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோல் வண்டியின் டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கும். எரிபொருள் குறையக் குறைய அது இறங்கும், முள்ளும் இறங்கும். மின்சார காரின் பேட்டரிக்குள் அப்படி எதுவும் கிடையாது. மிச்சம் எவ்வளவு என்று நேரடியாக அளக்கும் கருவியே இல்லை. அளக்க முடிவது மூன்றுதான்: வோல்ட், ஆம்பியர், வெப்பநிலை. திரையில் தெரியும் 73 சதவீதம் என்ற எண், இந்த மூன்றையும் வைத்து ஒரு மென்பொருள் போடும் கணக்கு. பேட்டரி மேலாண்மை அமைப்பு, சுருக்கமாக பி.எம்.எஸ்., என்று அதற்குப் பெயர். அந்த எண் ஒரு கணிப்பு என்பது மனதில் பதிந்துவிட்டால், மென்பொருள் புதுப்பிப்பு பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஊரில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. எத்தனை படி போட்டோம், எத்தனை படி எடுத்தோம் என்று கணக்கு வைத்தால் மிச்சம் தெரியும். பி.எம்.எஸ். செய்யும் முதல் வேலை இதுதான். உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு சிட்டிகை கூடும், குறையும். எலி தின்றது கணக்கில் வராது. பத்து நாள் போனால் நோட்டில் இருக்கும் எண்ணும் குதிரில் இருக்கும் நெல்லும் ஒத்துப்போகாது.

அதனால் இரண்டாவது ஒரு வழி வேண்டும். அது வோல்ட். செல், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலம், நிறைந்திருக்கும்போது வோல்ட் கூடுதலாகவும், காலியாகும்போது குறைவாகவும் இருக்கும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல்லில் 80 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவே ஏறக்குறைய அரை வோல்ட் வித்தியாசம் உண்டு. அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் இப்போது பல கார்களில் வருவது எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். தென்னாப்பிரிக்காவில் 2023இல் விற்பனைக்கு வந்த பி.ஒய்.டி. அட்டோ 3இல் இருப்பது இந்த வகை. 3.2 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட 126 செல்கள் வரிசையாக நிற்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 60.48 யூனிட். அக்காவுடையது வேறு கம்பெனி வண்டி, ஆனால் பேட்டரி வகையும் அளவும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்த எல்.எஃப்.பி. செல் வோல்ட் விஷயத்தில் பிடி கொடுக்காது. நடுப்பகுதி முழுவதும், 80லிருந்து 20 வரை, பத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவுக்குத்தான் மாறும். வண்டி ஓடும்போது மிதிக்கு மிதி வோல்ட் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். ஆகவே நடுவில் இருக்கும்போது வோல்ட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. முழுக்க நிறையும்போதும் அடியைத் தொடும்போதும்தான் சட்டென்று வித்தியாசம் தெரியும். குதிரின் வாயில் நெல் குவியும்போது நிறைந்துவிட்டது என்று தெரிகிறதே, அது மாதிரி. எல்.எஃப்.பி. கார்களை அவ்வப்போது, பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 100 வரை ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். கணக்கு நோட்டைத் திருத்திக்கொள்ள பி.எம்.எஸ்.ஸுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அப்போதே இன்னொரு வேலையும் நடக்கும். வரிசையில் நிற்கும் செல்களில் எது முந்தி நிறைகிறதோ, அதிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வெப்பமாக வடித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். வரிசையில் நோஞ்சான் செல் ஒன்று இருந்தால் மொத்தப் பேட்டரிக்கும் அதுவே எல்லை என்பதால் இப்படிச் சமன்படுத்துவது முக்கியம்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எல்.எஃப்.பி. வகைக்கு அடிப்படையான ஆய்வை 1980களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக்காரர், மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2019இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். படிக் கணக்கு ஒரு எண் சொல்கிறது, வோல்ட் இன்னொன்று சொல்கிறது. யாரை நம்புவது? 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட ஒரு கணித முறை இதற்கு விடை தருகிறது. இரண்டு சாட்சிகளில் இந்த நேரத்தில் எது எவ்வளவு நம்பகமானது என்று எடை போட்டு, இரண்டையும் கலந்து ஒரு விடை எடுப்பது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டலில் பயன்பட்ட அதே முறையின் வாரிசுகள்தான் பல கார்களின் பேட்டரிக்குள் இன்று ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது புதுப்பிப்பு என்றால் என்ன என்று சொல்வது எளிது. பேட்டரியின் வேதியியலை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. மாறுவது கணக்குப் போடும் விதம். எந்த வெப்பநிலையில் எத்தனை வோல்ட் என்றால் எத்தனை சதவீதம் என்ற அட்டவணை, செல் வயதாவதைக் கணிக்கும் முறை, விரைவு சார்ஜரில் எந்த நிலையில் எத்தனை ஆம்பியர் வாங்கலாம் என்ற வரம்பு, பேட்டரியை எப்போது சூடாக்குவது, எப்போது குளிர்விப்பது. இன்னும் ஒன்று: மேலேயும் கீழேயும் ஓட்டுநருக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்கும் பகுதி.

அந்த ஒதுக்கீடு எவ்வளவு பெரிய விஷயம் என்று 2017 செப்டம்பரில் உலகம் பார்த்தது. இர்மா புயலுக்கு பயந்து ஃபுளோரிடாவில் மக்கள் ஊரை விட்டுக் கிளம்பியபோது, டெஸ்லா தன் சில கார்களில் மென்பொருளால் பூட்டி வைத்திருந்த பேட்டரிக் கொள்ளளவைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. 60 யூனிட் என்று விற்ற வண்டிக்குள் 75 யூனிட் பேட்டரி இருந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2019இல் அதே நிறுவனம் தீ விபத்துகளைத் தொடர்ந்து பாதுகாப்புக்காக அனுப்பிய ஒரு புதுப்பிப்பால் சில மாடல் எஸ் கார்களின் ஓடும் தூரம் குறைந்தது. வழக்காகி, 2021இல் அமெரிக்காவில் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பாதுகாப்புக்காக வரம்பு வைப்பது நியாயம்தான். ஆனால் என்ன மாறுகிறது என்று காசு கொடுத்து வாங்கியவரிடம் சொல்லியாக வேண்டும். "செயல்திறன் மேம்பாடுகள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவே இல்லை.

நிறுவும் முறையில்தான் பயணத்துக்கு முந்தின இரவு பற்றிய என் பயம் இருக்கிறது. பதிவிறக்கத்தில் ஆபத்து இல்லை. வந்த கோப்பு தயாரிப்பாளர் அனுப்பியதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வண்டி சரிபார்க்கும். வண்டியின் முக்கியக் கணினிகளின் நினைவகத்தில் பெரும்பாலும் இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையில் பழைய மென்பொருள் இருக்க, மற்றதில் புதியதை எழுதி, சரியாக இருந்தால் மட்டும் மாறிக்கொள்ளும். ஆனால் வண்டியில் சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நிறைய. எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. நிறுவும்போது பல வண்டிகளில் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, எல்லாம் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடும். அது நாலைந்து வருடப் பழசாக இருந்தால், பாதியில் மூச்சு வாங்கும். பட்டறைக்கு இழுத்துப்போக வேண்டி வரலாம். வெள்ளிக்கிழமை விடிகாலையில் பட்டறை எங்கே திறந்திருக்கும்?

எல்லாம் நல்லபடி முடிந்தாலும் இன்னொரு சங்கதி. சில புதுப்பிப்புகள், பி.எம்.எஸ். அதுவரை உங்கள் பேட்டரியைப் பற்றிக் கற்று வைத்திருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். நேற்று 410 கிலோமீட்டர் என்று காட்டியது இன்று 390 காட்டும். பேட்டரி அதேதான், கணக்குப்பிள்ளைதான் புதுசு. அவருக்கு ஊர் பழக ஒரு வாரம் வேண்டும். ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே புதுப்பித்துவிடுங்கள். அப்புறம் ஒருமுறை கீழே 20 சதவீதம் வரை ஓட்டி, 100 வரை ஏற்றி, நிறைந்த பிறகும் ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவிடுங்கள். விரைவு சார்ஜர் ஒன்றில் ஒருமுறை செருகியும் பாருங்கள். பணம் கட்டும் செயலி வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை என்றால், அறிவிப்பு அப்படியே இருக்கட்டும். பழைய மென்பொருளோடு போய் வருவதில் தவறில்லை. பாதுகாப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் புதுப்பிப்பு என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

வண்டி காட்டும் கிலோமீட்டரை டர்பன்காரர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அந்த எண் அண்மையில் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து வருவது. கடலோரச் சமவெளியில் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிப் பழகிய வண்டிக்கு, ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 நெடுஞ்சாலையின் ஏற்றம் தெரியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம், அப்புறம் மூய் ரிவர், மறுபடி இறங்கி துகேலா பள்ளத்தாக்கு, அதன்பின் வான் ரீனன் கணவாய். கணவாயின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,680 மீட்டர். ஆட்களும் சட்டிபானைகளும் சேர்த்து 2,100 கிலோ எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 9.6 யூனிட் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கும் அதே கணக்கு. 60 யூனிட் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு, சாலையில் ஒரு மீட்டர்கூட ஓட்டாமலே போய்விடுகிறது. டர்பனிலிருந்து, கணவாயைத் தாண்டியதும் வரும் ஹாரிஸ்மித் ஊர் சுமார் 300 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று திரை சொன்னாலும் நடுவே மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு நிறுத்தம் போடுங்கள் என்றேன். வேகமும் கணக்கில் உண்டு. 100லிருந்து 120க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். உயரம் தரும் ஒரே சலுகை, மேட்டுநிலத்தில் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் லேசு என்பது.

அடுத்தது குளிர். இங்கே ஜூலை குளிர்காலம். டர்பனில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஹாரிஸ்மித்தில் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் பக்கம் என்-3 மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் சாலையிலேயே நின்றது பலருக்கு நினைவிருக்கும். குளிர்ந்த செல்லில் வேகமாக மின்சாரம் ஏற்றினால், லித்தியம் அயனிகள் செல்லின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அந்தப் படிவு நிரந்தர இழப்பு, சில வேளை ஆபத்தும்கூட. அதனால் பி.எம்.எஸ். ஆம்பியரைக் குறைத்துவிடும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். வண்டியின் வழிகாட்டியிலேயே சார்ஜரை இலக்காகப் போட்டால், பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிவிடும். கைப்பேசி வரைபடத்தை மட்டும் பார்த்து ஓட்டினால் இந்த வசதி கிடைக்காது. டயர் காற்றையும் குளிருக்கு ஏற்பப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை இறங்கும்.

வீட்டுச் சுவர்ப் பிளக்கில் 10 ஆம்பியர், 230 வோல்ட் என்றால் மணிக்கு 2.3 யூனிட். இரவு முழுக்கப் போட்டாலும் 23 யூனிட்தான். இதை அக்கா ஏற்கெனவே புரிந்து வைத்திருந்தார். செவ்வாய் இரவே செருகிவிட்டாராம். 2023இல் ஏறக்குறைய நாள்தோறும் மின்வெட்டோடு வாழ்ந்த எங்களுக்கு, கடைசி இரவை நம்பக் கூடாது என்பது பழகிவிட்டது.

கிளம்பும் முன் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். திரும்பி வரும்போது ஹாரிஸ்மித்தில் 100 வரை ஏற்ற வேண்டாம், 80இல் எடுத்துவிடுங்கள். 80க்கு மேல் சார்ஜ் ஏறுவதே மெதுவாகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கணவாயிலிருந்து இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். குதிர் நிறைந்திருந்தால் அதை எங்கே கொட்டுவது? பி.எம்.எஸ். வாங்க மறுத்துவிடும், இறக்கம் முழுவதும் சாதாரண பிரேக்கையே மிதிக்க வேண்டி வரும்.

திங்கட்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் அக்காவின் குரல் வந்தது. மாமா ஓட்டுகிறார், பின்னால் யாரோ முறுக்கைக் கடிக்கும் சத்தம். "தம்பி, வான் ரீனன் இறங்கிட்டோம். மேலே எழுபது இருந்துச்சு. கீழே வந்து பார்த்தா எழுபத்தொண்ணு."